வெறும் மண்ணில் ஆர்க்கிட்

சிங்கப்பூர்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வேலை பழகிவிட்டது. அறையில் உடனிருப்பவர்களும் நல்லவர்கள். ஆண்டு முழுவதும் இங்கே புழுக்கமும் மழையும்தான். அந்தப் புழுக்கத்தில் செழிக்கும் ஒரு செடியைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

ஆர்க்கிட் என்றாலே நிழல்வலை, கரித்துண்டு, தொங்கும் தொட்டி என்றுதானே நினைப்பாய்? இது அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே, வெறும் மண்ணில், முழு வெயிலில் நிற்கிறது. ஸ்பாத்தோகுளோட்டிஸ் பிளிகாட்டா என்பது தாவரவியல் பெயர். பூக்காதபோது பார்த்தால் தென்னங்கன்று என்றே சொல்வாய். இலைகள் அப்படி மடிப்பு மடிப்பாக இருக்கின்றன. பூந்தண்டு ஒரு மீட்டர் உயரம்கூட வளர்கிறது. வேலைக்குப் போகும் வழியில் ஒன்றைக் குனிந்து பார்த்தேன். நுனியில் கவிழ்ந்த மொட்டுகள், அடுத்து ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூக்கள், அவற்றுக்கும் கீழே பச்சைக் காய்கள், எல்லாம் ஒரே தண்டில்! பூவின் நடுவே சின்னதாய் ஒரு மஞ்சள் மேடு. மொட்டுகளைச் சுற்றி எறும்புகள். பூவடிச் செதில்களில் ஊறும் தேனுக்காக வருகின்றன.

பூச்சி வராவிட்டாலும் தன் மகரந்தத்தாலேயே இது காய் பிடித்துவிடும். விதை தூசியளவுதான், காற்றிலேயே போய்விடும். அதில் சேமித்த உணவு ஏதும் இல்லை. மண்ணிலுள்ள பூஞ்சை துணை நின்றால்தான் முளைக்கும். அப்படிப்பட்ட விதை என்ன செய்திருக்கிறது தெரியுமா? 1883இல் இந்தோனேசியாவின் கிரகட்டோவா எரிமலைத் தீவு வெடித்து, எஞ்சிய நிலம் சாம்பலால் மூடிக்கிடந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் கடல் தாண்டி வந்து அங்கே வேரூன்றிய ஆர்க்கிட்களில் இதுவும் ஒன்று. படித்ததிலிருந்து இந்தச் செடியின்மேல் எனக்குத் தனி மரியாதை. ஹவாய், போர்ட்டோ ரிக்கோ போன்ற இடங்களில் மனிதர் கொண்டுபோனது, இப்போது தானாகவே பரவிக்கிடக்கிறது.

1859இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா இங்கே இருக்கிறது. அங்கு உருவாக்கிய முதல் கலப்பின ஆர்க்கிட் இந்தப் பேரினத்தைச் சேர்ந்ததுதான். ஆனாலும் கூட்டம் பெரிய பூக்களைப் பார்த்துவிட்டு இதைக் கடந்துபோய்விடுகிறது. எனக்கு அது வருத்தமே.

ஒரு கிழங்கு எடுத்துவரச் சொல்வாய் என்று தெரியும். ஆர்க்கிட்களை உரிய சான்றிதழ் இல்லாமல் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது, அக்கா. நாற்றுப்பண்ணையில் கிடைத்தால் வாங்கு. நல்ல வெயில் படும் இடத்தில், தண்ணீர் தேங்காத மண்ணில் வை. கிழங்கை ஆழமாகப் புதைத்துவிடாதே, அழுகிவிடும். மேல்பாதி வெளியே தெரியட்டும். பூ வந்ததும் படம் அனுப்பு.

அன்புடன்,
உன் தம்பி