தோலை மண்ணில் புதைக்காதே, அம்மிணி

அன்புள்ள அம்மிணி,

பால்கனிப் படம் பார்த்தோம். செம்பருத்தி கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கிறது, ஒரு மொட்டைக்கூடக் காணோம். பக்கத்துப் பாட்டிலில் ஊறுவது வாழைப்பழத் தோல்தானே? "இதை யாருங்க இவளுக்குச் சொல்லிக்கொடுத்தது" என்று உங்கம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

தோல் ஊறின தண்ணீரால் கெடுதல் இல்லை. தோலில் இருக்கும் சாம்பல் சத்து, அதுதான் பொட்டாசியம், தண்ணீரில் சுலபமாக இறங்கிவிடும், பூக்கிற செடிக்கு அது வேண்டியதும்கூட. ஆனால் இலை வளர்க்கிற தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அதில் பேருக்குத்தான் இருக்கும், அதை மட்டும் நம்பி ஒரு செடியை வளர்க்க முடியாது. ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் ஊற்றிவிடு, நாலைந்து நாள் வைத்தால் புளித்து நாறும், சின்ன ஈ மொய்க்கும், அப்புறம் மாப்பிள்ளை உன்னோடு சண்டைக்கு வருவார்.

நிறுத்தச் சொல்வது, நீ தோலை நறுக்கித் தொட்டி மண்ணில் புதைக்கிறாயே, அதை. நம் வீட்டில் பழத்தோல், காய்கறிக் கழிவு, கழனித்தண்ணி எல்லாம் முதலில் மாட்டுக் கட்டுத்தரைக்குத்தான் போகும். மாடு தின்று சாணியாகி, எருக்குழியில் மாதக்கணக்கில் கிடந்து மக்கின பிறகுதான் செடிக்கு வரும். உன் தொட்டியில் அந்த அழுகல் வேலை முழுக்க வேருக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. அழுக வைக்கிற நுண்ணுயிர்கள் அங்கே இருக்கிற காற்றையும் தழைச்சத்தையும் தமக்கு இழுத்துக்கொள்ளும், எறும்பும் புழுவும் வேறு வந்து சேரும். பெங்களூர் ஃபிளாட்டில் மாடு கட்ட முடியாது, சரி, மாடு செய்கிற வேலையை ஒரு மண்பானை செய்யும்.

அடியில் ஓட்டை போட்ட பானையில் தேங்காய்நார்க் கழிவு ஒரு கை பரப்பு, பொள்ளாச்சிப் பக்கத்துக் கட்டி அங்கேயே கடையில் கிடைக்கும், ஊறவைத்து உப்புப் போக அலசிக்கொள். கழிவு ஒரு பங்கு போட்டால் காய்ந்த இலையோ நார்க்கழிவோ இரண்டு பங்கு போடணும், இது குறைந்தால்தான் நாற்றம். மேலே புளித்த மோர் கொஞ்சம் தெளி. வாரம் ஒருமுறை கிளறிவிடு, பிழிந்த துணி அளவு ஈரம் இருந்தால் போதும். இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, மழை பெய்த மண் வாசம் வரும், அப்போது தொட்டிக்கு இரண்டு கைப்பிடி, ஓரமாகக் கிளறிப் போடு. காப்பிச் சக்கை, டீத்தூள் எல்லாம் இதிலேயே போகட்டும். பால், சர்க்கரை கலந்த டீத்தூள் என்றால் அலசிப் போடு. சமைத்த சாப்பாடு, உப்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம்.

முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டால் பூப்பூக்கும் என்று யாரோ சொன்னார்களாமே. ஓடு பெரும்பாலும் சுண்ணாம்புதான், தண்ணீரில் கரையாது, மண்ணிலும் மெல்லத்தான் இறங்கும். உங்கள் பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தப் போர்த் தண்ணீரிலேயே சுண்ணாம்பு தாராளமாக இருக்கிறது. போட்டே தீரணும் என்றால் மிக்ஸியில் பொடித்துப் பானையில் போடு.

இனி செம்பருத்தி. கடலைப்புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீரை வாரம் தவறாமல் ஊற்றுவதாகச் சொன்னாய். நூறு கிலோ புண்ணாக்கில் சுமார் 7 கிலோ தழைச்சத்து, அதுதான் இப்படி இலையாகவே வருகிறது. ஒரு மாதம் நிறுத்திவிட்டு, அப்புறம் பத்து மடங்கு தண்ணீர் கலந்து மாதத்துக்கு ஒருமுறை கொடு. வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று பார், செம்பருத்திக்கு ஐந்தாறு மணி நேரமாவது வேணும். வெயில் இல்லாத இடத்தில் எந்த உரம் போட்டாலும் வீண்தான், அந்த இடத்துக்கு ஆந்தூரியம்தான் லாயக்கு.

மல்லிகை உரத்தைவிடக் கத்தரிக்கோலுக்குத்தான் பூக்கும். சத்தியமங்கலம் பக்கம் நவம்பர் கடைசியில் கவாத்துப் பண்ணுவார்கள், புதுத் துளிரில்தான் மொட்டு கட்டும் என்பதால். நீயும் பாதிக்கு வெட்டிவிட்டு மக்கின உரம் போடு, மனசு கேட்காது, இருந்தாலும் வெட்டு.

ஞாயிற்றுக்கிழமை ஒறம்பரை (சொந்தக்காரர்) வண்டி ஒன்று அங்கே வருகிறது, ஒரு பாட்டில் பஞ்சகவ்யம் கொடுத்தனுப்புகிறேன். கொடுமுடி டாக்டர் நடராஜன் ஊரெல்லாம் பரப்பினாரே, அதே முறையில் சாணி, கோமியம், பால், தயிர், நெய்யோடு இளநீர், வாழைப்பழம், வெல்லம் எல்லாம் போட்டுப் புளிக்க வைத்தது. லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி, வடிகட்டிச் சாயங்காலம் பொழுதோட இலை நனையத் தெளி. மூடியை இறுக்கித் திருகாதே, உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் உப்பிவிடும். வீட்டுக்குள்ளேயும் வைக்க வேண்டாம், உங்கம்மா கொடுத்தனுப்பும் நெய் டப்பாவும் கிட்டத்தட்ட அதே அளவுதான், பார்த்துப் பிரி.

அப்பா