பழைய ரேஸ் காரா? பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பழைய ரேஸ் கார்கள் பற்றி நீங்கள் போட்டிருந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. கோவைக்கும் ரேஸுக்கும் உள்ள பந்தத்தைப் பற்றி எழுதியிருந்ததும் பிடித்தது. ஆனால் விற்கிறவர் சொன்ன "அசல் சோழவரம் கார், நல்ல முதலீடு" என்ற பேச்சை, அதாவது சென்னைப் பக்கத்துச் சோழவரம் டிராக்கில் அந்தக் காலத்தில் ரேஸ் ஓடிய அதே கார் என்ற பேச்சை, அப்படியே அச்சிட்டுவிட்டீர்களே, அதுதான் உறுத்துகிறது. அசல் என்று யார் பார்த்தார்கள், எதை வைத்துச் சொன்னார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. உங்கள் பேப்பரின் அந்தப் பக்கத்தையே வெட்டி லேமினேட் பண்ணி அடுத்த ஆளிடம் ஆதாரமாகக் காட்டுவார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நம்ம பக்கம் ரேஸ் கார் செய்வது ஒன்றும் புதிது இல்லை. கோவை ரேஸ் ஓட்டுநர் மறைந்த கரிவர்தன் 1980-களின் கடைசியில் ஃபார்முலா மாருதி காரை உருவாக்கினார். மாருதி 800-ன் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின், குழாய்களை வெல்டிங் வைத்த சட்டம் (சேஸ்), மேலே ஃபைபர் பாடி, அவ்வளவுதான். நாராயண் கார்த்திகேயன் மாதிரி ஆட்கள் அதில் ஓட்டித்தான் வளர்ந்தார்கள். செட்டிபாளையம் டிராக்குக்கும் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். அப்படிப்பட்ட கைகள் உள்ள ஊர் இது. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் போய் ஒரு போட்டோவைக் காட்டினால் போதும், அதே மாதிரி சட்டம் வளைத்துக் கொடுக்கிற பட்டறைகள் உண்டு. நகல் செய்வதை நான் தப்பு என்று சொல்லவே மாட்டேன், நல்ல வேலைக்காரன் செய்த நகலை ரசித்துப் பார்க்கிறவன் நான். அதை நகல் என்று சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் உறவுக்காரர் ஒருவர் இப்படி ஒரு சிங்கிள் சீட்டரை, அதாவது ஒருவர் மட்டும் உட்காரும் ரேஸ் காரை, வாங்கப் போய், பார்த்துச் சொல்லச் சொல்லி என்னையும் கூட்டிப் போனார். 1960-களில் இங்கிலாந்தில் செய்தது, சோழவரத்தில் ஓடியது என்றார் புரோக்கர். வண்டி தகதகவென்று இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில், அனுமதி கேட்டு, பெயின்ட்டைக் கொஞ்சம் சுரண்டி, சட்டத்தின் குழாயில் தடிமன் அளக்கும் வெர்னியரை வைத்தேன். அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டி என்றால் எல்லாம் அங்குலக் கணக்கு, ஒரு அங்குலக் குழாய் 25.4 மில்லிமீட்டர் காட்ட வேண்டும். இது எங்கே வைத்தாலும் 25 என்று காட்டியது. பெயின்ட்டும் ஒரே அடுக்கு, அடியில் பழைய நிறம் எதுவும் இல்லை. நிஜமாகவே பல வருஷம் ரேஸ் ஓடிய வண்டியில் ஒரு ஓரத்தைத் தேய்த்தால் மூன்று நான்கு நிறங்கள் வரிசையாகத் தெரியும், ஏனென்றால் ஓனர் மாறும்போதெல்லாம் நிறமும் மாறும். போல்ட்டுகளும் அத்தனையும் மெட்ரிக் திரெட், அதாவது மில்லிமீட்டர் கணக்கு மரை. மூட்டுகளில் சி.ஓ.டூ வெல்டிங். அந்தக் காலத்துச் சிறிய இங்கிலீஷ் ரேஸ் கார்களில் பெரும்பாலும் பித்தளை பிரேசிங்கோ கேஸ் வெல்டிங்கோதான் இருக்கும். அங்கங்கே ஒரு குழாய் மாற்றியிருந்தால் பரவாயில்லை, ரேஸ் ஓடிய வண்டி அடிபடாமல் இருக்காது. சொல்லப்போனால் ஒட்டுவேலையே இல்லாத சட்டம்தான் எனக்குச் சந்தேகம் தரும்.

புரோக்கர் விடவில்லை. "ஏனுங்ண்ணா, சேஸ் பிளேட்டே ஒரிஜினலா இருக்குதுங்களே, அப்புறம் என்னங்க?" என்றார். சேஸ் பிளேட் என்பது வண்டியின் நம்பரைப் பொறித்து, ரிவெட் அடித்து மாட்டிய ஒரு தகடு. அதைக் கழற்றி வேறு வண்டியில் மாட்ட அரைமணி நேரம் போதும், புதிதாகச் செதுக்கிப் பழசாக்குவதும் பெரிய வேலை இல்லை. அதனால் தகட்டை விட்டுவிட்டு, சட்டத்திலேயே பஞ்ச் அடித்த நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துகளின் உயரம், இடைவெளி, அடியின் ஆழம் எல்லாம் அதே கம்பெனியின் வேறு அசல் வண்டிகளோடு ஒத்துப்போக வேண்டும். நம்பரைச் சுற்றி இரும்பு மட்டும் தேய்ந்து பளபளப்பாக இருந்தால் கிரைண்டர் போயிருக்கிறது என்று அர்த்தம். தேய்த்து அழித்த நம்பரையும் அமிலம் தடவி வெளியே கொண்டுவரலாம், ஏனென்றால் பஞ்ச் அடிக்கும்போது அடியில் உள்ள உலோகமும் அழுந்திப்போகிறது. திருட்டு வண்டிகளைக் கண்டுபிடிக்கத் தடயவியல் ஆட்கள் செய்வதும் இதுதான்.

இன்ஜின் நம்பரை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். ரேஸ் காரில் இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் சீசனுக்குச் சீசன் மாறும். மாறியிருப்பதாலேயே அது போலி ஆகிவிடாது, மாறவில்லை என்று விற்கிறவர் அடித்துச் சொன்னால்தான் விசாரிக்க வேண்டும். இன்ஜின் பிளாக்கில் உள்ள வார்ப்புத் தேதியை, அதாவது பவுண்டரியில் அதை வார்த்த தேதியைப் பாருங்கள். 1965-ல் ரேஸில் ஓடியதாகச் சொல்லும் இன்ஜினின் வார்ப்புத் தேதி 1968 என்று இருந்தால் பேச்சே வேண்டாம். நம்ம ஊரில் பவுண்டரிக்காரர் யாரையாவது கூட்டிப்போனால் இதை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.

அப்படியானால் பாதி பாகம் மாறிய வண்டியை எப்படி அசல் என்பது என்று கேட்பீர்கள். இதற்கு லண்டன் கோர்ட்டில் 1990-ல் ஒரு பெரிய வழக்கே நடந்தது. 'ஓல்ட் நம்பர் ஒன்' என்ற பென்ட்லி, 1929-லும் 1930-லும் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸை ஜெயித்த வண்டி. 1932-ல் புரூக்லாண்ட்ஸ் டிராக்கில் நடந்த விபத்தில் அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்துபோனார். அதற்கு அப்புறம் வண்டியைத் திரும்பக் கட்டினார்கள், பாடியும் மாறியது. முதலில் இருந்த பாகங்களில் கொஞ்சம்தான் மிச்சம். 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒத்துக்கொண்டவர்கள், இது அசல் இல்லை என்று பின்வாங்கியதில் வழக்கு வந்தது. நீதிபதி விற்றவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அந்த வண்டி ஒருநாளும் இல்லாமல் போகவில்லை, ஒவ்வொரு மாற்றமும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது, அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட வேறு வண்டியும் கிடையாது என்பதுதான் காரணம். ஆக, தோட்டம் வாங்கும்போது மூலப்பத்திரத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு கைமாற்றையும் பார்க்கிறோமே, அதே பார்வைதான் இதற்கும் வேண்டும். நடுவில் பத்து வருஷம் வண்டி எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை என்றால், அந்தப் பத்து வருஷத்தில்தான் ஒரு வண்டி இரண்டாகிறது. ஒருத்தர் சட்டத்தை வைத்திருப்பார், இன்னொருத்தர் பாடியையும் தகட்டையும் வைத்திருப்பார், இரண்டு பேருமே தன்னுடையதுதான் அசல் என்பார்கள்.

காகிதங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சர்வதேச மோட்டார் கூட்டமைப்பு தரும் வரலாற்றுத் தொழில்நுட்பப் பாஸ்போர்ட்டைக் காட்டி, பார்த்தீர்களா அசல் என்பார்கள். வண்டி அந்தக் காலத்து விதிப்படி கட்டப்பட்டிருக்கிறது, பழைய கார் போட்டிகளில் ஓடலாம் என்பதற்குத்தான் அது. அதே பழைய வண்டிதான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அப்புறம் 2021-ல் மத்திய அரசு 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்து வரும் தனிப் பதிவைக் கொண்டுவந்தது. அந்த விதி, சேஸையோ பாடியையோ இன்ஜினையோ பெரிதாக மாற்றாத வண்டியைத்தான் விண்டேஜ் என்கிறது. ரேஸ் ஓடிய கார் அதில் அடங்குவதே கஷ்டம். அதிலும் சிங்கிள் சீட்டர் ரோட்டுக்காகச் செய்தது இல்லை, டிராக்குக்கு லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோவார்கள், அதற்கு ஆர்.சி. புக் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதுவே முதல் கேள்வி. இதற்கெல்லாம் உண்மையான காகிதம் ரேஸ் லாக்புக், ரேஸுக்கு முன் வண்டியைச் சோதித்துத் தரும் ஸ்க்ரூட்டினி சீட்டு, பழைய என்ட்ரி லிஸ்ட், பழைய ஓனர் கையால் எழுதிய ரசீது, இவைதான். விற்பனை ஒப்பந்தத்தில் இன்ன சேஸ் நம்பர், இன்ன வருஷம், அசல் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். தயங்கினால் அட்வான்ஸ் கொடுக்காமல் கிளம்பிவிடுங்கள்.

கடைசியாகப் போட்டோ. இங்கேதான் உங்கள் பத்திரிகையால் பெரிய உதவி செய்ய முடியும். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதைதான் சோழவரம், 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வரும்வரைக்கும் அங்கேதான் தமிழ்நாட்டின் பெரிய ரேஸ்கள் நடந்தன. அந்த ரேஸ்களுக்குப் போன உங்கள் போட்டோகிராபர்கள் எடுத்த நெகட்டிவ்கள் ஆபீஸ் அலமாரிகளில் எங்காவது கிடக்கும். வண்டி மேல் எழுதியிருக்கும் ரேஸ் நம்பரை நம்பக்கூடாது, அது போட்டிக்குப் போட்டி மாறும். ஆனால் வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார் எங்கே பிடித்திருக்கிறது, ரிவெட் வரிசை எப்படிப் போகிறது, பெட்ரோல் மூடி எந்தப் பக்கம், ரேடியேட்டர் திறப்பு என்ன வடிவம், இதெல்லாம் ஒரு நல்ல படத்தில் தெரியும், இன்றைக்கு விற்பனைக்கு நிற்கும் வண்டியோடு வைத்துப் பார்க்கலாம். அந்தப் படங்களைத் தேதியோடு வெளியிடுங்கள். அந்தக் கார்களில் வேலை செய்த மெக்கானிக்குகளும் வெல்டர்களும் பீளமேடு, சிங்காநல்லூர் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். தான் வைத்த வெல்டிங்கை எத்தனை வருஷம் கழித்துக் காட்டினாலும் அடையாளம் சொல்லிவிடுவார்கள், ஆனால் எல்லோருக்கும் வயதாகிக்கொண்டே போகிறது. அவர்களைத் தேடிப் பேட்டி எடுங்கள், வீட்டில் வைத்திருக்கும் ஆல்பங்களையும் வாங்கிப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை இப்படி ஒரு காரைப் பற்றி எழுதும்போது சேஸ் நம்பர் என்ன, எங்கே அடித்திருக்கிறது, யார் பார்த்துச் சொன்னது என்ற மூன்றையும் விற்கிறவரிடம் கேட்டுப் படத்துக்குக் கீழேயே போடுங்கள், பதில் சொல்லவில்லை என்றால் அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
சிங்காநல்லூர், கோவை.