சினிமாஸ்கோப்பில் ஒரு ஹெல்மெட் பையன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கச் சிறுநகரப் படங்களைப் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடுதான் படிக்க உட்கார்ந்தேன். இயக்குநர் டேவிட் கார்டன் கிரீனின் ‘ஜார்ஜ் வாஷிங்டன்’ கதையே இல்லாத பரிசோதனைப் படம் என்று அதில் ஒரே வரியில் தள்ளிவிட்டிருந்தார்கள். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

கதை இருக்கிறது ஐயா. வட கரோலினாவில் ஒரு ஏழை ஊர், கோடை விடுமுறை. ஜார்ஜ் என்கிற கறுப்பினச் சிறுவனுக்கு உச்சிக்குழி மூடவே இல்லை. பச்சைக் குழந்தைக்கு இருப்பதுபோல மண்டை மெத்தென்று இருக்கிறது. தலையில் தண்ணீர் படக் கூடாது. அதனால் எந்நேரமும் அமெரிக்க ஃபுட்பால் ஹெல்மெட்டோடு திரிகிறான். பாழடைந்த ஒரு கழிப்பறையில் விளையாடும்போது பட்டி என்கிற நண்பன் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு இறந்துபோகிறான். பிள்ளைகள் பயந்துபோய் உடலை ஒளித்துவிடுகிறார்கள். அப்புறம் நீச்சல் குளத்தில் மூழ்கும் ஒரு பையனைக் காப்பாற்ற அதே ஜார்ஜ் தண்ணீருக்குள் குதிக்கிறான். போலீஸ், விசாரணை, தண்டனை என்று படம் போகவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகளின் முகத்தை விட்டு அது நகர மறுக்கிறது. சில இடங்களில் அவர்கள் பெரியவர்கள்போலப் பேசுகிறார்கள் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

கட்டுரை தொடவே தொடாத ஒன்று உண்டு. 2000-இல் வந்த இந்தப் படத்தின் செலவு சுமார் 42,000 டாலர். 25 வயது இளைஞரான கிரீனின் முதல் முழுநீளப் படம். பிள்ளைகளில் பெரும்பாலோர் அதற்கு முன் நடித்ததில்லை. அந்தக் காசுக்கு வீடியோவில் எடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கிரீனும் ஒளிப்பதிவாளர் டிம் ஓரும் 35 எம்எம் ஃபிலிமில், சினிமாஸ்கோப் அகலத்தில் எடுத்தார்கள். குதிரை வீரர்களுக்கும் பாலைவனத்துக்கும் கொடுத்துப் பழகிய அகலம் அது. துருப்பிடித்த இயந்திரங்களுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே நிற்கிற இந்தப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்தார்கள். காசில்லாதவர்களைப் பற்றிய படம் என்றால் காட்சியும் பஞ்சப்பாட்டுப் பாட வேண்டுமா என்ன?

இந்தப் படத்துக்கென்று தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள். வாசகர்களிடம், கைப்பேசியில் பார்க்க வேண்டாம், முடிந்தவரை பெரிய திரையில் பாருங்கள் என்று சொல்லுங்கள். அந்த அகலக் காட்சியின் ஓரத்தில் நிற்கிற பையன் சின்னத் திரையில் கண்ணுக்குத் தெரியவே மாட்டான்.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் வாசகர்