மாந்தை மண்ணைக் காத்துத் தந்தவர்களுக்கு

அன்புக்குரிய அயலவர்களுக்கும் நண்பர்களுக்கும்,

கொழும்புக்கு அருகே வெல்லம்பிட்டியில் வெள்ளம் புகுந்து எங்கள் வேலையறைக்கு நேர்ந்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அதை மறுபடியும் எழுத எனக்கு மனம் வரவில்லை. மன்னார்ப் பகுதியின் பழந்துறைமுகமான மாந்தையின் மண் அரணிலிருந்தும் அகழியிலிருந்தும் உரிய அனுமதியோடு எடுத்து வந்த மண் மாதிரிகளும், அரணின் உயரங்களைக் குறித்த அளவைத் தாள்களும் உலர்ந்து, வரிசை குலையாமல் இருக்கின்றன. உங்களால்தான் அவை இருக்கின்றன என்று சொல்லவே இம்மடல்.

நீருக்குள் இறங்கிப் பெட்டிகளைத் தலையில் சுமந்து வந்த இளைஞர்கள், தங்கள் உடைமைகளை ஒதுக்கிவிட்டு எங்களுக்கு மாடியைத் திறந்துவிட்ட குடும்பத்தினர், மின்விசிறிகளையும் தட்டுகளையும் இரவல் தந்தவர்கள், எங்களையும் சேர்த்துக்கொண்டு சோறு சமைத்த பள்ளிவாசல் சகோதரர்கள் அனைவருக்கும் எங்கள் குழுவின் மனமார்ந்த நன்றி.

பின்வீட்டு நானாவைப் பற்றி மட்டும் தனியே சொல்ல வேண்டும். அவர் ஓய்வுபெற்ற தபால் ஊழியர். எல்லோரும் பெட்டிகளுக்காக ஓடிக்கொண்டிருந்த வேளையில், அவர் மாடிப்படியில் அமர்ந்து, வந்து சேர்ந்த பைகளை ஒவ்வொன்றாக வாங்கி, சீட்டுகளில் கரைந்துகொண்டிருந்த இலக்கங்களை வெளிச்சத்தில் பிடித்து வாசித்து, பேரப்பிள்ளையின் கொப்பியில் பென்சிலால் பதிந்தார். அதே இலக்கத்தைத் துண்டுத் தாளில் எழுதி ஒவ்வொரு பையிலும் கட்டினார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. "அட்ரஸ் போன கடிதத்த யாருக்குக் குடுக்கிறது, தங்கச்சி?" என்றார், அவ்வளவுதான். வாசிக்க முடியாதவற்றை ஊகித்து நிரப்பாமல் கோடிட்டு விட்டு, பின்னர் எங்களை அழைத்து ஒன்றொன்றாகக் கேட்டார். ஆய்வுப் பயிற்சி பெற்றவர்களுக்கே அந்த நிதானம் எளிதில் வருவதில்லை.

அவர் காப்பாற்றியது எதை என்பதை உங்களுக்கு விளக்க விரும்புகிறேன். இத்தகைய அரண்களைப் பெரும்பாலும் அகழியிலிருந்து வெட்டிய மண்ணைக் கொட்டியே எழுப்புவார்கள். ஆதலால் ஆழத்திலிருந்த பழைய மண் மேலே வந்துவிடும். அரணுக்கு அடியில் புதையுண்ட நிலமட்டம் அரணைவிட மூத்தது. அகழிக்குள் படிந்த வண்டலோ அகழி வெட்டப்பட்டதற்குப் பிந்தியது. எந்தப் பை எந்த இடத்தின் எந்த ஆழத்துக்கு உரியது என்பது தெரியாமற்போனால், மூத்ததும் பிந்தியதும் ஒன்றாகி, அரண் எழுந்த காலத்தைக் கேட்பதற்கே வழியில்லாமல் போய்விடும். 2009–2010 அகழாய்வில் மாந்தையில் மிளகும் ஒரேயொரு கிராம்பும் கிடைத்தன. அந்தக் கிராம்பு கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது என்று இன்று கூற முடிவது, அது எந்த மண்படையில் கிடந்தது என்ற குறிப்பு அதனுடன் கூடவே வந்ததால்தான்.

சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அமைந்த அந்தப் பழந்துறைமுகத்தில், தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் 1980இல் தொடங்கிய அகழாய்வு 1984இல் போரினால் நின்றது. அதன் அறிக்கை நூலாக வெளிவந்தது 2013இல். இடையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். அவ்வளவு காலம் குறிப்புகளைப் பத்திரப்படுத்தியவர்களை நான் முன்பு அதிகம் நினைத்ததில்லை. இப்போது அடிக்கடி நினைக்கிறேன்.

இனி நாங்கள் எடுக்கும் ஒவ்வொரு மாதிரியின் உள்ளேயும் வெளியேயும் பென்சிலால் எழுதிய சீட்டு இருக்கும். பதிவேட்டின் பிரதி வேறொரு வீட்டில் இருக்கும். நானாவின் கொப்பி எங்கள் ஆய்வு ஆவணங்களுள் ஒன்றாக, எழுதியவர் பெயருடன் சேர்க்கப்படும். அறிக்கையின் நன்றியுரையிலும் அவர் பெயர் முதலில் வரும். அவர் மறுத்தாலும் இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

இரவல் வாங்கிய மின்விசிறிகளையும் தட்டுகளையும் கழுவித் துடைத்து வைத்திருக்கிறோம். வரும் ஞாயிறு காலை நாங்களே வீடுவீடாகக் கொண்டுவந்து தருவோம். தயவுசெய்து யாரும் அலைய வேண்டாம்.

நன்றியுடன்,
மாந்தை அரண் ஆய்வுக் குழுவின் சார்பில்