பிள்ளைகளை ஒரு வணிகர் வீட்டுக்கும் கூட்டிப் போங்கள்

இங்கிலாந்தில் வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளை நடத்தும் ஆசிரியர்களுக்கும் நிர்வாகக் குழுக்களுக்கும்,

வணக்கம்.

கோடைச் சுற்றுலா என்றாலே நம் பாடசாலைகள் கோட்டைக்கும் அரண்மனைக்கும்தான் பஸ் ஏற்பாடு செய்கின்றன. வின்சரும் லண்டன் டவரும் பார்க்க வேண்டிய இடங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அரசர்கள் இருந்த இடத்தை மட்டும் பார்த்து வளரும் பிள்ளைக்கு, இந்த நாட்டு ஊர்கள் எப்படி உழைத்துப் பிழைத்தன என்பது தெரியாமலே போய்விடுகிறது. அதனால்தான் கேட்கிறேன், ஒரு வருடமாவது கிழக்கு இங்கிலாந்தின் நாரிச் நகரிலுள்ள ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஹாலுக்கு, அதாவது இன்று அருங்காட்சியகமாக இருக்கும் ‘அந்நியர் கூடம்’ என்ற பழைய வணிகர் வீட்டுக்கு, போங்கள்.

நாரிச்சின் சேரிங் கிராஸ் தெருவில் நின்று பார்த்தால் அதன் பெருமை தெரியாது. உள்ளே நுழைந்து முற்றத்துக்கு வந்தால்தான் வீடு விரியும். அங்கே பிள்ளைகளிடம் ஒன்று சொல்லுங்கள்: இந்த வீட்டைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்.

அடியில் இருப்பது வளைவுக் கூரை போட்ட நிலவறை. சுமார் 1320இல், ரால்ஃப் டி மிடில்டன் என்ற வணிகர் காலத்தது. நாரிச்சில் இப்படிப்பட்ட நிலவறைகள் நிறைய உண்டு. சரக்கைப் பூட்டி வைக்கவும் மேலே கட்டும் வீட்டைத் தாங்கவும் அவை உதவின. 1507இல் ஊரைச் சுட்டெரித்த தீயில் நூற்றுக்கணக்கான வீடுகள் போயின. மரமும் புல்லும் வேய்ந்த வீடுகள் வேறு எப்படித் தாங்கும்? நெருப்பு மேலே எரிந்தாலும் நிலவறைகள் பல தப்பித்துக்கொண்டன.

அதற்கு மேலே பெரிய கூடம். சுமார் 1450இல் வில்லியம் பார்லி அதைத் தெருவுக்கு இணையாகத் திருப்பிக் கட்டினார். அப்புறம் 1539இல் மேயரான நிக்கலஸ் சதர்டன் என்ற பலசரக்கு வணிகர் அதைச் செழிப்பாக்கினார். முற்றத்திலிருந்து ஏறும் படியும் முன்வாசலும், வெளியே துருத்தி நிற்கும் கல் ஜன்னலும் அவர் செய்தவை. இந்தக் கூடத்தில் அவசரப்படாதீர்கள். பிள்ளைகளை நிமிர்ந்து கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். சுவருக்குச் சுவர் ஒரு கனத்த உத்தரம் ஓடும். அதன் நடுவில் ஒரு குட்டைத் தூண் நின்று, கூரையின் நீளவாக்கில் போகும் மரத்தைத் தாங்கும். சிறு கைகளாகத் தூணின் தலையிலிருந்து சாய்மரங்கள் கிளம்பும். எடை எங்கிருந்து எங்கே இறங்குகிறது என்று ஒரு குச்சியும் தாளும் கொடுத்து வரையச் சொன்னால் போதும், கணக்குப் பாடமே நடத்திவிடலாம்.

மாடிப்படியும் அதற்கு வெளிச்சம் தரும் பெரிய ஜன்னலும் 17ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ் குக் சேர்த்தவை. பிறகு 18ஆம் நூற்றாண்டில், ஜார்ஜ் மன்னர்கள் காலத்துச் சாப்பாட்டு அறை வந்தது. நீதிமன்றம் கூடும் நாட்களில் நீதிபதிகள் இங்கே தங்கினார்கள். வந்தவர் எவரும் முந்தியதை முழுக்க இடித்துத் தள்ளவில்லை. அதனால் தரைமட்டம் அறைக்கு அறை மாறும், வழி சுற்றிச் சுற்றிப் போகும். எனக்கு இந்த வீட்டில் மிகவும் பிடித்தது அந்தக் குழப்பம்தான். ஒரே காலத்துக்குத் திருப்பிச் சீரமைத்த வீடுகளில் இது கிடைக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. நிக்கலஸின் மகன் தாமஸ் சதர்டன் 1565இல் மேயராக இருந்தபோது, தொழில் நொடித்துக் கிடந்த நாரிச்சுக்கு நெசவாளர் குடும்பங்களை வரவழைக்க அரசி முதலாம் எலிசபெத்திடம் அனுமதி பெறப்பட்டது. முதலில் வந்தவை 30 குடும்பங்கள்: 24 டச்சு, 6 வாலூன் (பிரெஞ்சு பேசுபவர்கள்). இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்துப் பகுதிகளில் மத அடக்குமுறைக்குத் தப்பியவர்கள் தொடர்ந்து வந்தார்கள். சில வருடங்களில் நகரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அப்படி வந்தவர். அவர்கள் இந்த வீட்டில்தான் குடியிருந்தார்கள் என்று பிள்ளைகளிடம் கதை கட்ட வேண்டாம். அவர்களை வரவேற்ற மேயரின் வீடு இது என்பதே போதுமானது. அப்பம்மாவும் தாத்தாவும் சூட்கேசோடு வந்திறங்கிய கதையை வீட்டில் கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு, அதைச் சொல்லிப் புரியவைக்க அதிக நேரம் ஆகாது.

1890களில் இந்த வீடு வெறுமையாக, இடிக்கப்படும் நிலையில் நின்றது. லெனர்ட் போலிங்புரோக் என்ற வழக்கறிஞர் 1899இல் அதை வாங்கி, பழம்பொருட்களால் நிரப்பி, அடுத்த வருடமே மக்களுக்குத் திறந்துவிட்டார். 1922இல் நகரத்துக்கே கொடுத்தும்விட்டார். இந்த மனிதரைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசுங்கள்.

எல்லா நாளும் திறந்திருக்காது, ஆகவே நாள் குறிக்குமுன் திறக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். படிகள் ஏராளம். அறைகள் சிறியவை என்பதால் பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து அனுப்புவது நல்லது. காத்திருக்கும் குழு பின்புறத் தோட்டத்தில் இருக்கலாம். அங்கிருந்து செயின்ட் கிரெகரி தேவாலயமும் தெரியும். கோடைப் பயணம் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசும்போது இந்த வீட்டின் பெயரையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
பாடசாலைப் பெற்றோரில் ஒருவர்