பத்து நிமிடத்தில் நீங்களே பொருத்தலாம் என்ற ஆட்டோ ஹெட்லைட் கிட்: ஒரு புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர் (ஆர்டர் விவரமும் பில்லும் இணைப்பில்),
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 17-11-2025

பொருள்: ஆட்டோமேட்டிக் ஹெட்லைட் கிட்டில் உள்ள குறைகள், வாரண்டி மறுப்பு, பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா, வணக்கம்.

செப்டம்பர் 20-ஆம் தேதி உங்களிடம் ஆன்லைனில் ரூ.1,849 கொடுத்து ஓர் ஆட்டோமேட்டிக் ஹெட்லைட் கிட் வாங்கினேன். இருட்டினால் தானே எரிய வேண்டும், வெளிச்சம் வந்தால் தானே அணைய வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. அட்டைப்பெட்டியின் முகப்பில் ‘மெக்கானிக் தேவையில்லை, 10 நிமிடத்தில் நீங்களே பொருத்தலாம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அக்டோபர் 31-ஆம் தேதி நீங்கள் எனக்கு அனுப்பிய பதிலில் ‘வாடிக்கையாளர் தானே பொருத்தியதால் வாரண்டி கிடையாது’ என்று இருக்கிறது. இந்த இரண்டையும் எழுதியது ஒரே கம்பெனிதானா? முதலில் இதற்குப் பதில் வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ‘விவரம் தெரியாமல் கை வைத்திருப்பார்’ என்று நினைப்பீர்கள். நூல் மில்லில் 22 வருடமாக எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். கார் என் தொழில் இல்லை. ஆனால் மல்டிமீட்டரை எங்கே வைக்க வேண்டும் என்று தெரியும்.

என்னுடைய கார் 12 வருடப் பழையது. ஆட்டோ ஹெட்லைட் எல்லாம் அதில் வராது. போன வருடம் குருவாயூர் போகும்போது, பாலக்காடு-திருச்சூர் ரோட்டில் மலையைக் குடைந்து போட்ட குதிரான் சுரங்கத்துக்குள் பட்டப்பகலில் ஹெட்லைட் போடாமலே நுழைந்துவிட்டேன். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம். வெயிலில் இருந்து உள்ளே போனதும் கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை. பக்கத்தில் இருந்த மனைவி சொன்ன பிறகுதான் சுவிட்சைத் தேடினேன். அந்தப் பயத்தில் வாங்கியதுதான் உங்கள் கிட். ஆடம்பரத்துக்கு வாங்கவில்லை.

10 நிமிடம் என்றீர்கள். எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. நான் மெதுவாக வேலை செய்கிறவன் இல்லை. பெட்டியில் இருந்த தாளில் மஞ்சள் ஒயரை ஹெட்லைட்டுக்குக் கொடு என்று இருக்கிறது. கிட்டில் மஞ்சள் ஒயரே இல்லை. உங்கள் வீடியோவில் இருப்பது வேறு மாடல், அதில் ஐந்து ஒயர், என்னுடையதில் நான்கு. எது எது என்று கண்டுபிடிக்கவே முதல் ஞாயிறு போய்விட்டது. சரி, அது சலிப்புதானே தவிர ஆபத்து இல்லை. ஆபத்து இனிமேல்தான்.

பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவரைப் பிரித்து, சுவிட்சுக்குப் போகும் ஒயர்களை வெளியே எடுத்து வைத்தேன். பிறகு மைனஸை மாட்டி, ஒயர் ஒயராக டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தேன். என் காரில் ஹெட்லைட் பல்புக்கு பிளஸ் எப்போதும் வந்துகொண்டே இருக்கிறது. சுவிட்ச் வெட்டுவதும் சேர்ப்பதும் மைனஸைத்தான். இப்படி எர்த் (மைனஸ்) பக்கம் சுவிட்ச் வைத்த கார்கள் நம் ஊரில் நிறைய ஓடுகின்றன, எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கேட்டாலும் சொல்வார். உங்கள் கிட் கொடுப்பதோ பிளஸ். தாளில் சொன்னபடி அதை என் சுவிட்ச் ஒயரில் சேர்த்திருந்தால் பல்பின் இரண்டு பக்கமும் பிளஸ் வந்து லைட் எரியாது. எரியவில்லையே என்று கையால் ஹெட்லைட் சுவிட்சைப் போட்டிருந்தால், பேட்டரி பிளஸ் கிட் வழியாக நேரே காரின் பாடிக்கு, அதாவது மைனஸுக்கு, போய் ஷார்ட் ஆகியிருக்கும். பேட்டரியில் இருந்து வரும் சிவப்பு ஒயரில் நீங்கள் ஒரு ஃபியூஸ்கூட வைக்கவில்லை. டேஷ்போர்டுக்குள் ஒயர் கனலாகிப் புகைந்திருக்கும். ‘எல்லா 12 வோல்ட் கார்களுக்கும் பொருந்தும்’ என்று பெட்டியில் போட்டிருக்கிறீர்களே, அது இந்த லட்சணத்தில் இருக்கிறது.

நான் இணைக்கவில்லை, உங்கள் கஸ்டமர் கேருக்குத்தான் போன் செய்தேன். ஒரு தம்பி எடுத்தார். மரியாதையாகத்தான் பேசினார், அவரைக் குறை சொல்லவில்லை. “சார், அப்படியே கனெக்ட் பண்ணிப் பாருங்க, எரியலைன்னா திரும்பக் கூப்பிடுங்க” என்றார். “எரியாட்டி பரவாயில்லை தம்பி, எரிஞ்சுட்டா என்ன பண்றது?” என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. அவருக்குச் சொல்லித் தராதது யார் தப்பு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு, என் கைக்காசில் ஒரு 12 வோல்ட் ரிலே (சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்), ஃபியூஸ் ஹோல்டர், நல்ல ஒயர் எல்லாம் வாங்கி வந்து நானே மாற்று வழி செய்தேன். உங்கள் கிட்டின் பிளஸ், என் ரிலேயை இயக்கும் காயிலுக்கு மட்டும் போகும். ரிலேயின் 30 என்ற முனையை பாடி எர்த்திலும் 87 என்ற முனையை சுவிட்சின் மைனஸ் ஒயரிலும் கொடுத்தேன். பேட்டரி பக்கம் ஃபியூஸ் போட்டேன். உங்கள் ஒயரின் தோலைச் சீவியபோது ஒன்று கண்ணில் பட்டது. மேலே செம்பு நிறம். நகத்தால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம். ‘சுத்தச் செம்பு ஒயர்’ என்று பெட்டியில் எழுதாமலாவது இருந்திருக்கலாம். அதையும் வெட்டி எறிந்துவிட்டு என் ஒயரைப் போட்டேன்.

இவ்வளவும் செய்து, அக்டோபர் 11-ஆம் தேதி குடும்பத்தோடு குருவாயூர் கிளம்பினேன். வாளையாறு தாண்டும்வரை சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் சாலையோரத்து மரநிழல் ஒவ்வொன்றுக்கும் லைட் எரிந்தது, வெயிலுக்கு அணைந்தது. பாலத்துக்கு அடியில் எரிந்தது, வெளியே வந்ததும் அணைந்தது. நம் ஊர் ரோட்டில் எதிரில் வருகிறவருக்கு லைட் அடித்தால் ‘நான் வருகிறேன், நீ நில்’ என்று அர்த்தம். பாலக்காட்டுக்கு முன்னால் ஒரு டூவீலர்காரர், பாவம், ரோட்டை விட்டே இறங்கி நின்றுவிட்டார். எதற்காக இதை வாங்கினேனோ அந்தக் குதிரான் சுரங்கத்துக்குள் வரிசையாக இருக்கும் விளக்குகள் ஒவ்வொன்றின் கீழேயும் ஹெட்லைட் சிமிட்டிக்கொண்டே போனது. கடைசியில் கிட்டை ஆஃப் செய்து கையால்தான் போட்டேன்.

மறுநாள் திரும்பும் முன், சென்சாரில் இருக்கும் சின்னத் திருகை ஸ்க்ரூடிரைவரால் திருப்பி, நன்றாக இருட்டினால் மட்டும் எரியும்படி வைத்தேன். பகல் பிரச்சினை தீர்ந்தது. ராத்திரி வேறு ஒன்று கிளம்பியது. பன்னியங்கரை டோல்கேட்டில் வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, பின்பக்கம் முழுக்க வெள்ளை. என் ஹெட்லைட் வெளிச்சம் அந்த வெள்ளையில் பட்டுத் திரும்பி என் சென்சார் மேலேயே விழுகிறது. உடனே சென்சார் ‘வெளிச்சம் வந்துவிட்டது’ என்று லைட்டை அணைக்கிறது. அணைந்ததும் இருட்டு. உடனே எரிகிறது. எரிந்ததும் வெளிச்சம். உடனே அணைகிறது. டேஷ்போர்டுக்குள் ரிலே டக் டக் டக் டக் என்று தையல் மிஷின் மாதிரி அடிக்கிறது. பின்சீட்டில் என் பேரன் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்துவிட்டான்.

லாரிக்காரர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, கடைசியில் இறங்கியே வந்துவிட்டார். நாமக்கல் வண்டி. “ஏனுங்ண்ணா, எதுக்கு லைட் அடிச்சுட்டே இருக்கறீங்க? முன்னாடி எடமே இல்லீங்களே” என்றார். நான் என்ன சொல்வது? “நான் அடிக்கலீங்க, அதுவா அடிக்குது” என்றேன். அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

டோல்கேட்டின் பெரிய விளக்குகளுக்கு அடியில் வந்ததும் லைட் சுத்தமாக அணைந்துவிட்டது. வீடு வந்து பார்த்தால் இடது பக்க பல்பில் டிம் இழை அறுந்திருந்தது. 55 வாட் இழை, குளிர்ந்த நிலையில் போடும் ஒவ்வொரு முறையும் சாதாரண கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். நூற்றுக்கணக்கான தடவை போட்டு அணைத்தால் அது எத்தனை நாள் தாங்கும்?

இதற்குக் காரணம் என் வேலை இல்லை, உங்கள் டிசைன். மேல்தொட்டி மோட்டாருக்கு ஆட்டோமேட்டிக் வைத்த எவருக்கும் இது தெரியும். தண்ணீர் கீழ்க்கோட்டுக்கு இறங்கினால் மோட்டார் ஓடும், மேல்கோட்டைத் தொட்டால் நிற்கும். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இடைவெளி வேண்டும். ஒரே கோடு வைத்தால், ஒரு செம்பு தண்ணீர் எடுத்தாலும் மோட்டார் ஓடி ஓடி நிற்கும். உங்கள் கிட்டில் இருப்பது ஒரே கோடு. தாமதமும் கிடையாது. ஆட்டோமேட்டிக் ஹெட்லைட்டுக்கு ஐ.நா. வாகன விதிமுறை எண் 48-இல் தெளிவாக இருக்கிறது: வெளிச்சம் 1,000 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) கீழே போனால் 2 விநாடிக்குள் எரிய வேண்டும், 7,000 லக்ஸுக்கு மேலே போனால் அணைய வேண்டும், அதுவும் 5 விநாடி கழிந்த பிறகு, 300 விநாடிக்குள். மரநிழலும் டோல்கேட்டும் லாரியின் வெள்ளை முதுகும் இருக்கும் என்று தெரிந்துதான் அந்த இடைவெளியை வைத்திருக்கிறார்கள். உங்களைச் சட்டப்படி அது கட்டுப்படுத்துகிறதா என்பது வேறு பேச்சு. ஹெட்லைட் கிட் விற்கிறவர் அதை ஒரு முறையாவது படித்திருக்க வேண்டாமா?

அக்டோபர் 13-ஆம் தேதி முதல் மெயில் அனுப்பினேன். கிட்டின் பட்டனை ஆஃப் செய்து வைத்துவிட்டு, தீபாவளிக்கு ரயிலில் மதுரை போய் ஆறு நாள் கழித்து வந்தால் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. மீட்டரை சீரீஸில் போட்டு அளந்தேன்: சாவியும் ஆஃப், பட்டனும் ஆஃப், உங்கள் கிட் 0.16 ஆம்பியர், அதாவது 160 மில்லி ஆம்பியர், குடித்துக்கொண்டிருக்கிறது. பெட்டியில் போட்டிருப்பது 8 மில்லி ஆம்பியர். ஆறு நாளைக்கு 23 ஆம்பியர் ஹவர், என் பேட்டரியே 35தான். பொருத்திய அன்றே இதை அளந்திருக்க வேண்டும், அது என் தப்பு. 24-ஆம் தேதி இதையும் மெயிலில் எழுதினேன்.

அதற்குப் பிறகுதான் உங்கள் 31-ஆம் தேதிப் பதில். தானே பொருத்தியது ஒரு காரணம் என்றால், இரண்டாவது காரணம் ‘கிட்டோடு வராத வெளி ரிலேயைச் சேர்த்தது’. படித்துவிட்டுச் சிரிப்புதான் வந்தது. அந்த ரிலே இல்லையென்றால் இந்நேரம் புகாரோடு தீயணைப்புத் துறை ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்பிக்கொண்டிருப்பேன்.

வாரண்டிதான் இல்லையே என்று உங்கள் கன்ட்ரோல் பாக்ஸைத் திறந்தும் பார்த்துவிட்டேன். பெட்டியில் ‘30 ஆம்பியர் ரிலே’. உள்ளே இருக்கும் ரிலேயின் தலையில் 10 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கிறது. இரண்டு 60 வாட் பிரைட் இழைக்கு 12 வோல்ட்டிலேயே 10 ஆம்பியர் ஆகிவிடும், என்ஜின் ஓடினால் இன்னும் கூடும். போட்டோ இணைத்திருக்கிறேன். பெட்டியில் இறக்குமதியாளர் பெயரோ எந்த நாட்டில் செய்தது என்பதோ இல்லை, அந்தப் போட்டோவும் இருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கிட்டின் விலை ரூ.1,849, பல்பு ரூ.240, பேட்டரி சார்ஜ் செய்யக் கொடுத்த ரூ.200, மொத்தம் ரூ.2,289. என் ரிலே, ஒயர், இரண்டு ஞாயிற்றுக்கிழமை இவற்றுக்குக் கணக்கு போடவில்லை. அதோடு, ‘எல்லாக் கார்களுக்கும் பொருந்தும்’ என்ற வரியை எடுத்துவிட்டு, எர்த் பக்கம் சுவிட்ச் உள்ள கார்களுக்கு இப்படியே பொருத்தக் கூடாது என்று பெட்டியிலேயே எழுத வேண்டும். எனக்குப் பணத்தைவிட இது முக்கியம். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்கத் தெரியாத ஒருவர் பெட்டியை நம்பி அப்படியே இணைப்பார்.

மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் 2020-இன்படி புகார் கிடைத்த 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு. என் முதல் மெயிலுக்கு ஒப்புகையே வரவில்லை, ஒரு மாதமும் போன வாரம் முடிந்துவிட்டது. டிசம்பர் 1-ஆம் தேதி வரை பார்ப்பேன். அதன் பிறகு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் பதிவு செய்வேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

கிட்டைத் தூக்கி எறியவில்லை. வெட்டிய ஒயர் உட்பட எல்லாவற்றையும் அதே பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன், ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். போன் செய்வதாக இருந்தால் சாயங்காலம் 6 மணிக்கு மேல் செய்யவும். மில்லுக்குள் போன் எடுத்துப் போக விட மாட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சிங்காநல்லூர்.

இணைப்பு: பில் நகல், பெட்டியின் நான்கு பக்கப் போட்டோ, ரிலே போட்டோ, மீட்டர் அளவு போட்டோ, அக்டோபர் 13, 24 மெயில்கள், உங்கள் 31-ஆம் தேதிப் பதில்.