மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து கிளப் இயக்குநர்களுக்கு: கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே?

மதிப்புக்குரிய இயக்குநர்களே,

2018 ஜனவரியில், பெருஞ்சம்பளத்துக்குப் புதிதாக எடுத்த அலெக்சிஸ் சான்செஸைப் பியானோ முன் உட்காரவைத்து ஒரு காணொளி வெளியிட்டீர்கள். தூக்கம் கெட்டு அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். அவர் உங்களுக்கு ஆடியது 45 ஆட்டம், அடித்தது 5 கோல். மறு ஆண்டு ஆகஸ்டில் இன்டர் மிலான் கிளப்புக்கு லோனில், அதாவது இரவலாக, அனுப்பினீர்கள். சம்பளத்தில் ஒரு பங்கையும் நீங்களே கொடுத்தீர்கள். 2020இல் சல்லிக்காசு வாங்காமல் விட்டுவிட்டீர்கள். அடுத்தவன் வயலை உழ மாட்டையும் அனுப்பி, தீனியும் போட்ட கதை.

சரி, பட்டுத் தெளிந்தீர்களா? 2021இல் ஜேடன் சாஞ்சோ வந்தார்: 7.3 கோடி பவுண்டு, ஐந்தாண்டு ஒப்பந்தம். பிறகு டார்ட்மண்ட், செல்சி, ஆஸ்டன் வில்லா என்று மூன்று லோன். 2025 மே மாதம் மறக்கக்கூடியதா? பில்பாவோவில் டாட்டன்ஹாமிடம் யூரோப்பா லீக் கோப்பையை நீங்கள் கோட்டைவிட்ட மறுவாரம், கான்ஃபரன்ஸ் லீக் இறுதியாட்டம். செல்சிக்காகச் சாஞ்சோ கோல் அடித்தார். எதிரணியான ரியல் பெட்டிஸில் ஆண்டனி. இரண்டு பக்கமும் உங்கள் ஆட்கள்! அப்படியும் செல்சி சாஞ்சோவை வைத்துக்கொள்ளவில்லை. சம்பளப் பேச்சு படியாததால், வாங்கியே தீரவேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விடுபட 50 லட்சம் பவுண்டு கட்டித் திருப்பி அனுப்பியது.

விலையைக் குறைத்தாவது தள்ளிவிடலாமே என்றால், கணக்கேடு விடுவதில்லை. வாங்கிய விலை 7.3 கோடியை ஒப்பந்தத்தின் ஐந்தாண்டுக்கும் பங்கிட்டுச் செலவு எழுதினால் ஆண்டுக்கு 1.46 கோடி. மூன்றாண்டு கழிந்தும் ஏட்டில் 2.92 கோடி நிற்கிறது. அதற்குக் கீழே விற்றால் மிச்சம் முழுவதும் அந்த ஆண்டின் நட்டம். மூன்றாண்டு நட்டம் 10.5 கோடி பவுண்டைத் தாண்டக்கூடாது என்ற பிரீமியர் லீக் வரம்பு வேறு அப்போது தலைக்கு மேலே இருந்தது.

இத்தனைக்கும் பிறகு 2025 கோடையில் ஐந்து வீரர்களைப் பிரித்துத் தனியாகப் பயிற்சி செய்யவைத்தீர்கள். மாட்டுச் சந்தையில் நின்றுகொண்டு 'இது எனக்கு வேண்டாம்' என்று தமுக்கடித்தால் எவன் நல்ல விலை கேட்பான்?

உடனே, நகர மறுக்கும் வீரருக்குப் பேராசை என்று ரசிகர்களான எங்களில் சிலரே கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான். செல்சியில் நான்கு ஆண்டுகளில் 12 ஆட்டம் மட்டுமே ஆடிய வின்ஸ்டன் போகார்ட், ஒப்பந்தம் முடியும்வரை நகரவில்லை. ஏன் நகர வேண்டும்? எழுதிக் கொடுத்த சம்பளத்தை வாங்குவது குற்றமா? வீரரை நெருக்கி ஒப்பந்தத்தை முறிக்கவைப்பதைத்தான் ஃபிஃபா விதி தடுக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், இரண்டாண்டு கழித்து அதே சம்பளம் கொடுத்து இவரை எடுக்கக்கூடிய மூன்று கிளப்புகளின் பெயரைத் தாளில் எழுதிப் பாருங்கள். பெயர் தேறவில்லையா, தொகையைக் குறையுங்கள். பியானோ வாடகையும் மிச்சம்.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட ரசிகன்